கேட்காமல் தேய்த்த கிட்டார்

தெருவில் எல்லோரும் அவளைக் கிட்டார்க்காரி என்றுதான் சொல்வார்கள். பகலெல்லாம் மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பாள். சாயங்காலமானால் எலெக்ட்ரிக் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏதாவது ஒரு விழா மேடையில் நிற்பாள். கல்யாணத்துக்கு முன்பே சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய கிட்டார் அது. அந்த வீட்டில் அவளுடையது என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது. மற்றதெல்லாம் பெயிண்டர் இஷ்டம்.

பெயிண்டர் என்றால் வேறு யாருமில்லை, புருஷன்தான். பஸ்ஸுக்கு பாடி கட்டும் பட்டறையில் பெயிண்ட் அடிக்கிறவர். வேலையில் கெட்டிக்காரர். ஆனால் அந்தக் கெட்டிக்காரத்தனம் பட்டறையோடு நின்றால் தேவலை. வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. திடீரென்று ஒருநாள் சமையலறைக் கதவு நீலமாகிவிடும். இன்னொரு நாள் தையல் மிஷின் வெள்ளி நிறத்தில் பளபளக்கும். ஏன் என்று கேட்டால், எல்லாம் உனக்காகத்தானே என்பார். அதைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது.

கிட்டார் மட்டும் அவர் கையில் சிக்காமல் இருந்தது. வாசிக்கும்போது வலது முன்கை படிகிற மேல் ஓரத்தில் சிவப்புப் பெயிண்ட் தேய்ந்து, அதன் அடிப்பூச்சும் தேய்ந்து, உள்ளங்கை அகலத்துக்கு மரம் தெரிந்தது. பெயிண்டர் பெண்டாட்டி பெயிண்ட் போனதை மாட்டிக்கொண்டு நின்றால் தன் மானம் என்னாவது என்று அவர் புலம்பாத நாளில்லை. தொடக் கூடாது என்று அவளும் சொல்லாத நாளில்லை. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் கை தானாக அங்கேதான் போய்ப் படியும். இத்தனை வருஷம் வாசித்ததற்கு அவளிடம் பட்டமா இருக்கிறது, பரிசா இருக்கிறது? அந்த இடம்தான் இருந்தது.

தங்கையின் பிரசவத்துக்குப் போய்விட்டுத் திரும்பியவள் பின்வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். கிட்டாரின் உடம்பு மட்டும் அம்மணமாகத் துணி காயப்போடும் கம்பியில் தொங்கியது. தரையெல்லாம் சிவப்புச் செதில். ஹீட் கன்னால் சூடு காட்டி, பட்டி பிளேடால் உரித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தார். அடுத்தது மெட்டாலிக் பச்சை என்று பக்கத்தில் நின்று பல்லைக் காட்டினார்.

தோளில் தொங்கிய பையைக்கூட இறக்காமல் மரத்தைத் தடவிப் பார்த்தாள். எல்லாப் பக்கமும் ஒரே வழுவழுப்பு. அவள் இடம் எது என்று அவளுக்கே தெரியவில்லை.

"தொடாதீங்கன்னு சொன்னேன்ல?"

"சர்ப்ரைஸா குடுக்கலாம்னு பாத்தேன். உனக்காகத்தானே."

கன்னத்தில் அறையலாமா என்றிருந்தது. கழற்றி வைத்திருந்த கிட்டாரின் கழுத்தை எடுத்து அதற்குரிய பள்ளத்தில் வைத்துப் பார்த்தாள். ஆடியது. அது இறுக்கமாக உட்காராவிட்டால் சுருதி நிற்காது. சுத்தமாக இருக்கட்டும் என்று மகானுபாவர் பள்ளத்தின் உள்சுவரையும் விட்டுவைக்கவில்லை. ரெண்டு கோட் அடித்தால் டைட்டாகிவிடும் என்று யோசனை வேறு சொன்னார். டப்பாவைத் திறந்தால் வந்த வழியே போய்விடுவேன் என்றாள். அவள் குரல் இறங்கியிருந்ததைப் பார்த்து அவர் டப்பாவை உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

வார இறுதியில் மேடை இருந்தது. பள்ளத்தின் இரண்டு பக்கமும் மெல்லிய மரச்சீவலை ஒட்டினாள். மரத்துக்கு வெறும் எண்ணெய் தேய்த்தாள். ஒயர்களைச் சேர்த்து, கழுத்தைப் பொருத்தித் திருகினாள். வேலை முடிந்ததும் மிச்சமிருந்த உப்புத்தாளோடு வாசலுக்குப் போனாள். அவருடைய பைக் நின்றது. முகம் பார்க்கலாம், அப்படிப் பளபளத்தது. டேங்க்கில் தாளை வைத்து அழுத்தித் தேய்த்தாள்.

பெயிண்டர் ஓடிவந்தார். "என்ன பண்றே நீ? என்னை ஒரு வார்த்தை கேக்க வேணாமா?"

அவர் கேட்டது அவர் காதிலேயே விழும் என்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். விழவில்லை. குனிந்து, கீறலை விரலால் தடவினார். ப்ரைமர்வரைக்கும்தான் போயிருக்கிறது, நாளைக்கே அடித்தால் தெரியாது என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டார்.

அவளுக்கு ஆத்திரத்தில் அழுகை வந்துவிட்டது. பழிவாங்கியதுகூட ஒன்றுமில்லாமல் போயிற்று.

"உங்களுது அடிச்சா வந்துரும். என் கை தேய்ச்ச இடத்தை எந்த டப்பாலேர்ந்து அடிப்பீங்க?"

பெயிண்டர் கீறலிலிருந்து விரலை எடுத்தார்.

வார இறுதியில் மேடையில் சுருதி கொஞ்சமும் இறங்கவில்லை. ஆனால் பாட்டுக்குப் பாட்டு அவளுடைய முன்கை இடம் தேடி வழுக்கிக்கொண்டே இருந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெயிண்டர் அதைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.