எதிர்த்திசையில் ஒரு பௌர்ணமி

பௌர்ணமி என்றாலே எனக்கு எரிச்சல். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி எங்கள் வீடு. மாதம் ஒருமுறை ஊர் உலகமெல்லாம் புண்ணியம் தேடி என் வாசல் வழியே நடக்கும். காரை நடுரோட்டில் நிறுத்திச் சாம்பார் சாதம் வழங்குகிறவருக்கு, கொடுக்கும் கையைவிட செல்போன் பிடிக்கும் கைமேல்தான் கவனம் ஜாஸ்தி. வாங்குகிறவர் ஏற்கெனவே நாலு இடத்தில் தின்றவர். இரண்டு வாய் வைத்துவிட்டு மீதியை எங்கள் சுவரோரம் வீசிவிட்டு "அரோகரா" என்று போய்விடுவார். மறுநாள் பெருக்குவது நான். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில்.

எனக்கு வேலை வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில், திங்கட்கிழமை தோறும் மனு வாங்கும் மேஜை. அண்ணன்மேல் தம்பி, தாய்மேல் மகன் என்று எழுதிக்கொண்டு வருவார்கள். அதையெல்லாம் படித்த பிறகு, "மனிதம் சாகவில்லை" என்று கூட வேலை பார்ப்பவர் அனுப்பும் வீடியோக்களைப் பார்க்காமலே அழித்துவிடுவேன்.

அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பதினெட்டு வருஷத்துக்கு முன், செங்கம் ரோடு முனையில் கல்லூரி பஸ்ஸிலிருந்து இறங்கிய என் தம்பியை ஒரு லாரி அடித்துவிட்டுப் போனது. சுற்றிக் கூட்டம் நின்றது. அந்தக் கூட்டத்தில் யாரோ ஒரு புண்ணியவான் அவன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டான்.

அப்பாவுக்கு இப்போது ஞாபகம் போய்விட்டது. சாயங்காலமானால், "தம்பி பஸ்ஸு வந்துடுச்சா?" என்பார். நான் உண்மை பேசுகிறவள் அல்லவா! "அவன் செத்துப் பதினெட்டு வருஷமாச்சுப்பா" என்பேன். அந்தச் செய்தியை அன்றுதான் முதன்முதலாகக் கேட்பதுபோல் அழுவார். மறுநாளும் கேட்பார், நானும் சொல்வேன்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி. பிற்பகலிலேயே நல்ல கூட்டம். சுவரோரம் தட்டு போட்ட ஒருவரோடு சண்டை பிடித்துவிட்டுத் திரும்பினால் கேட் திறந்து கிடக்கிறது, அப்பாவைக் காணோம்.

கூட்டத்தோடு கூட்டமாக ஓடினேன். அரை மணி நேரம் ஓடினேன். கிரிவலப் பாதையில் ஒரு மனிதர் எதிர்த்திசையில் போவார் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தோன்றவே தோன்றாது. மலை வலக்கைப் பக்கம்தான் இருக்க வேண்டும், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்த திசை. பின்னாலிருந்து வந்து மூச்சு வாங்க உட்கார்ந்த ஒருவரிடம் அடையாளம் சொன்னேன்.

"சட்டை பட்டன மாத்திப் போட்டுக்கினு எதிர்ல வந்தாரே, அவரா? வலமா போய்யான்னு திட்டி உட்டேன்" என்றார்.

திரும்பி ஓடினேன். பத்துப் பேரைக் கேட்டிருப்பேன். பத்துப் பேருமே அப்பாவைத் திட்டியிருந்தார்கள். எங்கே போகிறீர்கள் என்று அவர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. எதிரே வந்த பாவத்துக்கு எனக்கும் வசவு கிடைத்தது. அந்தத் திசையில்தான் செங்கம் ரோடு முனை. அங்கே அவர் தனியாகப் போனால், அந்த லாரிகள்...

முனையில் பஸ் நிறுத்தத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் செருப்பில்லாத ஒரு பெண், முந்தானையால் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

"உங்க அப்பாவாக்கா? மெதுவா வாங்க, பத்திரமாத்தான் இருக்காரு. எங்க போறீங்கன்னு கேட்டேன், பையன் பஸ்ஸு வரும்னாரு. தனியா உட மனசு வரல, கூடவே வந்துட்டேன்."

கீழ்பென்னாத்தூர் பக்கத்துக்காரி. மகளுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. பன்னிரண்டு பௌர்ணமி விடாமல் சுற்றுவதாக வேண்டுதல், அது பதினோராவது. வழியில் திரும்பிவிட்டால் வேண்டுதலை முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம்.

"இப்ப என்ன பண்ணுவீங்க?" என்றேன்.

"மறுபடியும் ஒண்ணுல இருந்துதான். மல எங்கக்கா போயிடப் போவுது?"

அதன் பிறகு மாதாமாதம் எங்கள் வீட்டில் தண்ணீர் குடித்துவிட்டுப் போவாள். நாலு முறை வந்தாள். ஐந்தாவது பௌர்ணமிக்கு எங்களைப் பார்க்க மட்டும் வந்தாள், நெற்றியில் பொட்டில்லை. மகள் இறந்து பத்து நாள் ஆகியிருந்தது.

எனக்கு வேண்டுதலில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அன்று அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "எங்க அப்பாவாலதானே..." என்று ஆரம்பித்தேன்.

"அப்டி பேசாதீங்கக்கா. அன்னிக்கு அவர உட்டுட்டுப் போயிருந்தா, என் பொண்ணே என்னத் திட்டியிருக்கும்."

உலகத்தின்மேல் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். சுவரோரம் இன்றும் எச்சில் தட்டுகள்தான். மனுக்களும் குறையவில்லை. தம்பியின் கடிகாரம் யாரோ ஒருவர் வீட்டில் கிடக்கும். ஆனால் எல்லாரும் அப்படித்தான் என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்ததை இப்போது சொல்ல முடியவில்லை. பொய்யாகிவிடும்.

அன்று வாசல் திண்ணையில் அவளை உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருக்கையில் அப்பா வெளியே வந்தார். "தம்பி பஸ்ஸு வந்துடுச்சாம்மா?" என்று அவளிடம் கேட்டார். உண்மை என் வாய்வரை வந்துவிட்டது.

மகளை இழந்து பத்தே நாளான அந்தப் பெண் நகர்ந்து இடம் விட்டாள்.

"இன்னும் வரலங்க. உக்காருங்க, சேர்ந்தே பாக்கலாம்."

அப்பா உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து நானும் போய் உட்கார்ந்தேன்.