வேண்டாம் என்றால் வேண்டாம் என்று அர்த்தமா?

அக்கா பிள்ளைகள் சித்தி என்று கூப்பிட, அதைக் கேட்டு அக்கம்பக்கமும் கூப்பிட, கடைசியில் கட்டிய கணவரே ஒருநாள் வாய் தவறிச் "சித்தி" என்று கூப்பிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். தையலில் சித்தி கெட்டிக்காரி. நாலு பேர் நடுவில் நடந்துகொள்வதில் அதைவிடக் கெட்டிக்காரி என்பது அவளுடைய சொந்த அபிப்பிராயம்.

அதில் முதல் பாடமே, போன இடத்தில் குடிக்க எது கொடுத்தாலும் எடுத்தவுடன் கையை நீட்டக் கூடாது என்பதுதான். "டீ போடட்டுமா?" என்றால், "ஐயோ வேண்டாங்க, இப்பதான் குடிச்சிட்டு வர்றேன்" என்று சொல்ல வேண்டும். "அட, ஒரு வாய் குடிங்க" என்றால், "எதுக்குங்க சிரமம்" என்று இழுக்க வேண்டும். மூன்றாம் தடவை கேட்கும்போது அடுப்பு பற்றவைக்கும் சத்தமும் சேர்ந்து வரும். அப்போது, "சரி, அரை டம்ளர் போதும்" என்று சொல்லி முழு டம்ளரையும் குடிக்க வேண்டும். முதல் கேள்விக்கே தலையாட்டுகிறவள் காணாததைக் கண்டவள்.

கணவருக்கு வெளிநாட்டில் பஸ் ஓட்டும் வேலை கிடைத்தது. பின்னாலேயே போன சித்திக்குத் திரைச்சீலை தைக்கும் பட்டறை ஒன்றில் இடம் கிடைத்தது. நீளமான மேசை, வரிசையாகத் தையல் மிஷின்கள், மூலையில் புஸ்ஸென்று ஆவி விடும் இஸ்திரிப் பெட்டி. துணியை அளந்து வெட்டுகிறவர் ஆறடி உயரப் பெண்மணி. கழுத்தில் அளவு நாடா, கையில் முழ நீளக் கத்திரி. வீட்டில் அவரைப் பற்றிப் பேச வசதியாகச் சித்தி அவருக்குக் கத்திரியம்மா என்று பெயர் வைத்திருந்தாள்.

முதல் நாள் இடைவேளையில் கத்திரியம்மா வந்து, தன் மொழியில், "டீ வேணுமா?" என்றார்.

சித்தி அழகாகச் சிரித்து, "வேண்டாங்க" என்றாள். அந்த மொழியில் அவளுக்குச் சுத்தமாகச் சொல்லத் தெரிந்த ஒரே வார்த்தை அதுதான்.

"சரி" என்று கத்திரியம்மா போய்விட்டார்.

சித்தி காத்திருந்தாள். எல்லோருக்கும் கோப்பை வந்தது. அவளைத் தாண்டிப் போனது. இரண்டாம் தடவை யாரும் கேட்கவில்லை. மறுநாள் முதல் தடவையே கேட்கவில்லை. புது ஆள் டீ குடிக்க மாட்டாள் என்று பட்டறையே முடிவு கட்டிவிட்டிருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டில் பொரிந்து தள்ளினாள். "ஈவு இரக்கம் இல்லாத ஜனங்க. மூக்குக்கு நேரா ஆறு பேர் குடிக்கிறாங்க, ஒருத்தர் கேக்கல."

"நீதானே வேண்டாம்னு சொன்னே?"

"வேண்டாம்னா வேண்டாம்னு அர்த்தமா?"

"வேற என்ன அர்த்தம்?" என்றார் கணவர், அப்பாவியாக.

"இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினீங்களே, இது கூடத் தெரியலையா?" என்றாள். அவர், தான் இதுவரை எந்தெந்த 'வேண்டாம்'களை நம்பி ஏமாந்தோம் என்று யோசித்துக்கொண்டிருந்திருக்கலாம்.

வீட்டிலிருந்து பிளாஸ்கில் டீ கொண்டுபோகலாம்தான். ஆனால் டீயே குடிக்காதவள் கையில் பிளாஸ்க் எப்படி வரும்? அதனால் பைக்குள் ஒளித்துக் கொண்டுபோய், துணி உருளைகள் அடுக்கிய பின்னறையில், வெல்வெட்டுக்கும் சுவருக்கும் நடுவே உட்கார்ந்து மூடியில் ஊற்றிக் குடித்தாள். திருட்டுப் பூனை கூட அவ்வளவு பயந்து குடிக்காது. மாதக் கணக்கில் இப்படியே ஓடியது.

ஒருநாள் பச்சை வெல்வெட் தேவைப்பட்டது. கத்திரியம்மா உருளையை உருவ, பின்னால் வாயில் மூடியோடு சித்தி.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கத்திரியம்மாவின் முகம் சுருங்கிப்போயிற்று. "எங்க டீதான் உனக்குப் பிடிக்கலையா?" என்றார். கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் தெரிந்தது.

சித்திக்கு விளக்கம் சொல்ல மொழி போதவில்லை. செய்யத் தெரிந்ததைச் செய்தாள். மூடியைத் துடைத்து, டீ ஊற்றி நீட்டி, "குடிக்கிறீங்களா?" என்றாள்.

"வேண்டாம்."

"கொஞ்சம் குடிங்க."

"இல்ல, வேண்டாம்."

"அட, குடிங்க!" என்று கையிலேயே திணித்துவிட்டாள். கத்திரியம்மா வேறு வழியில்லாமல் குடித்தார். குடித்துவிட்டு, "வேண்டாம்னு ரெண்டு தடவை சொன்னேனே?" என்றார்.

"எங்க பக்கம் மூணு தடவை கேக்கணும்" என்று தட்டுத்தடுமாறிச் சொல்லி, விரலை மடக்கிக் காட்டினாள் சித்தி. "நீங்க ஒரு தடவைதான் கேட்டீங்க."

கத்திரியம்மாவுக்கு விஷயம் புரியச் சற்று நேரம் ஆயிற்று. புரிந்ததும் வெல்வெட் உருளை மேல் சாய்ந்துகொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

மறுநாள் பட்டறைக்கே செய்தி தெரிந்திருந்தது. இடைவேளையில் மேசையைச் சுற்றி நின்றுகொண்டு, "டீ வேணுமா? டீ வேணுமா? டீ வேணுமா?" என்று ஆறு பேரும் கோரஸாகக் கேட்டார்கள். சித்திக்கு முகம் சிவந்துவிட்டது. "வேணும், வேணும், கொடுத்துத் தொலைங்க!" என்று தமிழிலேயே கத்தினாள்.

டீ வந்தது. பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. வெந்நீரில் ஒரு பொட்டலம் நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. இதற்கா இத்தனை மாதம் ஏங்கினோம் என்று மனசு விட்டுப்போயிற்று. ஆறு முகங்களும் பார்த்துக்கொண்டிருந்ததால் கஷாயம் குடிப்பதுபோல் ஒரே மூச்சில் குடித்து முடித்தாள்.

"இன்னொன்னு?"

"வேண்டாம்" என்றாள். இந்த முறை மனதார.

கத்திரியம்மா கண்ணடித்தார். "எங்களுக்குத் தெரியும்!" என்று கோப்பையை நிரப்பினார். அன்றைக்கு அவள் மூன்று கோப்பை குடித்தாள். அதற்குப் பிறகுதான் வேண்டாம் என்றால் வேண்டாம் என்றும், வேணும் என்றால் வேணும் என்றும் பேசக் கற்றுக்கொண்டாள். பால் வேணும், சர்க்கரை ரெண்டு கரண்டி என்று கூடச் சொல்ல வந்தது.

அந்தப் பழக்கத்தோடுதான் லீவில் ஊருக்கு வந்தாள். நாத்தனார் வீட்டில் நுழைந்து உட்கார்ந்ததும், "காபி போடட்டுமா அண்ணி?" என்று கேள்வி வந்தது.

"போடும்மா. சர்க்கரை கொஞ்சம் தூக்கலா."

நாத்தனார் நின்ற இடத்திலேயே நின்றாள். பிறகு சமையலறைக்குள் போனாள். ஒரு பாத்திரம் உருண்டது. ஒரு டப்பாவைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. வெகுநேரம் ஆகியும் வெளியே வரவில்லை. சித்தி எழுந்து போய்ப் பார்த்தாள். நாத்தனார் காலிப் பால் பாத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்து நின்றிருந்தாள்.

"என்னாச்சு?"

"பால் இல்ல அண்ணி."

"இல்லாமலா கேட்டே?"

"நீங்க வேண்டாம்னு சொல்லுவீங்கன்னு நம்பித்தானே கேட்டேன்!" என்றாள் நாத்தனார், அழுகையும் ஆத்திரமுமாக. "நான் ரெண்டாவது தடவை கேக்கறதுக்குள்ள பக்கத்து வீட்டுல வாங்கியிருப்பேன். முதல் தடவையே சரின்னா மனுஷி என்ன பண்றது?"

சித்திக்கு முதலில் வியப்பாக இருந்தது. பிறகு சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவள் சிரிப்பதைப் பார்த்து நாத்தனாரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"வா, பால் வாங்கப் போகலாம்" என்றாள் சித்தி.

இருவரும் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். கடை பக்கத்துத் தெருவில்தான். போய் வர ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. வழி நெடுக நாத்தனார் தன் மாமியாரைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். இத்தனை வருஷமாக, "எல்லாரும் சௌக்கியம் அண்ணி" என்பதைத் தாண்டி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை.