வராத சண்டைக்கு இரண்டு கான்

எங்கோ ஒரு நாட்டில் ஆட்சி ஆடினால் உலகச் சந்தையில் எது ஏறும், எது இறங்கும் என்று முன்கூட்டியே சொல்வதுதான் என் பிழைப்பு. செய்தி பார்த்தே பயப்படும் சக பாவிகளே, எனக்கு அதற்குச் சம்பளமும் தருகிறார்கள். யாழ்ப்பாணத்து வீட்டு அறையில் இருந்துகொண்டு லண்டன் கொம்பனி ஒன்றுக்கு எழுதுகிறேன்.

ஓடாத பஸ்

சேர்ந்த முதல் மாதம், ஐரோப்பாவில் ஓர் அமைதியான குட்டி நாட்டில் பஸ் சாரதிகள் வேலைநிறுத்தம் என்று செய்தி வந்தது. பயந்துவிட்டேன். கோதுமை மா, சீனி, மருந்து எல்லாம் தட்டுப்பாடாகும், முதலீட்டை உடனே வெளியே எடுங்கள் என்று நாலு பக்கம் எழுதி அனுப்பிவிட்டேன். அந்த ஊர்ச் சனம் சிரித்துக்கொண்டு சைக்கிளில் வேலைக்குப் போன படம் மறுநாள் வந்தது.

மேலாளர் சிவானி அக்கா இங்கே கரவெட்டியில் பிறந்து லண்டனில் வளர்ந்தவர். என் தகுதிகாண் காலம் முடிய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. வீடியோவில் வந்து நிதானமாகச் சொன்னார்: "அங்கை பஸ்தான் நிண்டது, நாடு நிக்கேல்லை. இன்னொருக்கா இப்பிடிப் பயந்து எழுதினீரெண்டா உம்மை நிரந்தரமாக்க என்னாலை ஏலாது."

பெற்றோல் செட்

அடுத்த மாதம் எண்ணெய்க் கப்பல்கள் போகும் கடற்பாதையில் இரண்டு நாடுகள் முறைத்துக்கொண்டன. வேலை போய்விடுமே என்று எல்லாத் தரவையும் மூன்று தரம் பார்த்தேன். 'சண்டை வராது, விலை சற்று ஏறி இறங்கும்' என்று எழுதி அனுப்பினேன். அனுப்பிய கையோடு, ஏனென்று கேட்காதீர்கள், இரண்டு வெறும் பிளாஸ்டிக் கானைத் தூக்கிக்கொண்டு பெற்றோல் நிரப்பும் செட்டுக்கு ஓடினேன்.

வரிசை சந்தி வரை நின்றது. எனக்கு முன்னால், குருநகரில் படகு வைத்திருக்கும் யூட் அண்ணை மண்ணெண்ணெய்க்கு நின்றார். என் வேலை அவருக்குத் தெரியும். "சண்டை வருமோ, தங்கச்சி?" என்றார். "வராதண்ணை, இப்பதான் எழுதி அனுப்பினனான்" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப ரண்டு கானோடை ஏன் நிக்கிறீர்?"

சேர்த்த பந்தி

மத்தியானத்துக்குள் செட் காலி. கப்பல்கள் வந்துகொண்டுதான் இருந்தன. எண்ணெயை முடித்தது, முன்பொரு தட்டுப்பாட்டில் நாள்கணக்காக வரிசையில் நின்று பழகிய நாங்கள்தான். வெட்கமாக இருந்தது, ஆனால் விஷயம் பிடிபட்டது. வீட்டுக்கு வந்து அறிக்கையில் ஒரு பந்தி சேர்த்து மறுபடி அனுப்பினேன்: தட்டுப்பாட்டை ஒருமுறை அனுபவித்த நாடுகளில் சண்டை வரத் தேவையில்லை, செய்தி வந்தாலே கடை காலியாகும், அங்கே வியாபாரம் செய்பவர்கள் கையிருப்பைக் கூட்டி வைக்கட்டும்.

சண்டை வரவில்லை. வரிசை மட்டும் பல நாடுகளில் வந்தது. சிவானி அக்கா அழைத்தார். வேலை நிரந்தரம் என்றார். அந்தப் பந்திக்கு எங்கே தரவு எடுத்தீர் என்று கேட்டார். இரண்டு கானோடு நானே வரிசையில் நின்றதைச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்: "என்ரை அம்மா உந்தச் செய்தியைக் கேட்டிட்டு லண்டனிலை மூண்டு மூட்டை அரிசி வாங்கி அடுக்கினவ. அதைப் பாத்தும் எனக்கு விளங்கேல்லையே!"

பயப்படாதே என்று உலகத்துக்கு எழுதிவிட்டு, தன் பயத்தாலேயே வேலை நிரந்தரமான ஆள் நான் ஒருத்தியாகத்தான் இருக்கும்.