பூட்ஸுக்குள் மெட்டி

சென்ற ஆண்டு ஆடி மாதம் நடந்தது இது. மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தும் முதுகு நனைந்துகொண்டிருந்த ஒரு மத்தியான வேளையில், ஆரணியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நான் கம்பளி சாக்ஸ் மடித்துக்கொண்டிருந்தேன். நார்வேக்கும் வடக்கே, வட துருவத்தை ஒட்டி இருக்கும் பனித் தீவுகளுக்குக் கப்பலில் போகப் போகிறேன் என்று அக்கம்பக்கத்தில் சொன்னால் ஒருவரும் நம்பவில்லை. எனக்கே முழுசாக நம்பிக்கை வரவில்லை என்பது வேறு விஷயம்.

நாங்கள் பட்டுப் புடவை வியாபாரம் செய்கிறவர்கள். நெதர்லாந்தில் வேலை பார்க்கும் எங்கள் மகள், எனக்கும் அவள் அப்பாவுக்கும் சேர்த்துத்தான் டிக்கெட் போட்டிருந்தாள். அதற்குள் அவருக்கு நெஞ்சு வலி வந்து, வேலூரில் ஸ்டென்ட் வைக்கும்படி ஆகிவிட்டது. இப்போதைக்குத் தூரப் பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நானும் போகப் போவதில்லை என்றேன். அவர் விட்டால்தானே! நான் வீட்டில் இருந்தால் உப்பு இல்லாத சாம்பாரும் உபதேசமுமாக அவர் உயிரை வாங்குகிறேனாம், கொஞ்ச நாள் நிம்மதியாக இருக்கிறாராம். அவருடைய அக்கா, அதாவது என் பெரிய நாத்தனார், வந்து சமைத்துப் போடுவதாகச் சொன்ன பிறகுதான் நான் சம்மதித்தேன்.

பயணத்துக்குத் துணி எடுத்து வைப்பதில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. எத்தனை கல்யாணத்துக்குப் பெட்டி கட்டியிருக்கிறேன்! ஆனால் இந்தப் பெட்டி என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டது. உடம்பை ஒட்டிப் பருத்தி போடவே கூடாது என்றாள் மகள். வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு குளிரை உள்ளே இறக்கிவிடுமாம். பிறந்ததிலிருந்து பருத்தியில் வளர்ந்தவளுக்கு இதைக் கேட்கவே ஒரு மாதிரி இருந்தது. முதலில் கம்பளியோ பட்டோ, அதன் மேல் கனமான கம்பளி, எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் தண்ணீரும் புகாத சட்டை என்று அடுக்கடுக்காகப் போட வேண்டுமாம். பட்டு என்றதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஜரிகை இல்லாத வெறும் பட்டுத் துணியை எடுத்துக்கொண்டு போய், உள்ளே போட கை நீளச் சட்டையும் கால்சட்டையும் தைக்கச் சொன்னேன். தையல்காரர் துணியையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். பட்டில் பேண்ட்டா என்று அவர் கேட்ட கேள்வி இன்னும் பஜாரில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

மற்றதெல்லாம் கோணல்தான். தண்ணீர் புகாத பேண்ட் கட்டாயம் வேண்டும் என்றாள். பைக்கில் போகிறவர்கள் மழைக்குப் போடும் பேண்ட்டை வாங்கி வந்து வீடியோவில் காட்டினேன். தலையில் கை வைத்துக்கொண்டாள். செருப்போடு போடுகிற, கட்டைவிரல் பிரிந்த சாக்ஸ் ஒரு டஜன் வாங்கியிருந்தேன், அதையும் வேண்டாம் என்றாள். போகட்டும் என்று ஆறு பட்டுப் புடவையை அடியில் வைத்தேன். கப்பலில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டாள். ஆரணியிலிருந்து வருகிறவள் புடவை இல்லாமல் போனால் வியாபாரம் எப்படி நடக்கும் என்று நான் திருப்பிக் கேட்டேன்.

கடைசியில்தான் மெட்டிப் பேச்சு வந்தது. இரண்டு காலிலும் சுற்று மெட்டி போட்டிருக்கிறேன், கல்யாணத்தன்று அவர் போட்டுவிட்டது. கப்பலில் கொடுக்கும் பூட்ஸுக்குள் இரண்டு சாக்ஸ் போட வேண்டும், மெட்டி இறுக்கும், கழற்றி வைத்துவிட்டு வா என்றாள் மகள். ஸ்பீக்கரில் பேசியதால் பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த நாத்தனார் காதிலும் விழுந்துவிட்டது.

“இந்தா பாரும்மா, அவனுக்கு இப்பதான் நெஞ்சுல கம்பி வெச்சி கீது. இந்த நேரத்துல போயி மெட்டிய கழட்டுவாங்களா?”

நாத்தனார் சொல்லாவிட்டாலும் நான் கழற்றியிருக்க மாட்டேன். அதெல்லாம் மூடநம்பிக்கை என்று மற்றவர்களுக்குச் சொல்கிற ஆள்தான் நான். ஆனால் என் கணவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு வந்த பிறகு, எதையும் சோதித்துப் பார்க்கும் தைரியம் எனக்குப் போய்விட்டது. மகளிடம் சரி சரி என்று சொல்லிவிட்டு, மெட்டியோடு விமானம் ஏறினேன். மகள் நார்வேயில் வந்து என்னோடு சேர்ந்துகொண்டாள்.

கப்பல் பெரிய ஓட்டல் மாதிரி இருந்தது. சாப்பாடு மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை, ஊறுகாய்தான் காப்பாற்றியது. ஏறிய அன்றே எல்லோரையும் ஒரு கூடத்துக்கு வரச் சொல்லி முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் கொடுத்தார்கள். கப்பல் கரைக்குப் போகாது, ரப்பர் படகில் இறக்கி விடுவார்கள், தண்ணீரில் கால் வைத்துத்தான் கரை ஏற வேண்டும், அதற்காக. மகள் எனக்கு ஒரு அளவு பெரியதாக எடுத்து வந்தாள். அதில் நடந்தால் லொடக் லொடக் என்றது. சின்னதைப் போட்டுப் பார்த்தேன், சிக்கென்று இருந்தது. விரல் அசைகிறதா என்று பூட்ஸ் கொடுத்த பெண் கேட்டாள். அசையவில்லை. அதனால் என்ன? எங்கள் ஊர்ச் செருப்புக் கடையில் எதைப் போட்டு இறுக்குகிறது என்றாலும், போகப் போகத் தளர்ந்துவிடும் என்றுதானே சொல்வார்கள். அதை நம்பியே பழகிய கால். சின்னதே போதும் என்று வாங்கிக்கொண்டேன். ரப்பர் தளராது என்பது அப்போது உறைக்கவில்லை.

மறுநாள் காலையில் முதல் முறையாகக் கரையில் இறங்கினோம். எதிரே மலை உயரத்துக்கு நீல நிறத்தில் பனிப்பாறை. தூரத்தில் மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. உடம்பு முழுக்க எனக்குக் கதகதப்பாக இருந்தது, பட்டுச் சட்டை தன் வேலையைச் சரியாகச் செய்தது. கால்விரல்தான் எரிந்தது. இரண்டு காலிலும் மெட்டி இருக்கும் இடத்தில் யாரோ இடுக்கியால் பிடித்த மாதிரி. மகளிடம் சொன்னால் கழற்றச் சொல்வாள் என்று வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் எரிச்சல் நின்றுவிட்டது. அப்பாடா, பழகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். பாருங்கள் என் புத்தியை.

அறைக்கு வந்து சாக்ஸைக் கழற்றியபோதுதான் பார்த்தேன். மெட்டி போட்ட விரல்கள் இரண்டும் மெழுகு மாதிரி வெளுத்துக் கிடந்தன. கிள்ளினால் தெரியவில்லை. மெட்டி சதைக்குள் புதைந்திருந்தது. மகள் பார்த்துவிட்டு நேராகப் போய்க் கப்பல் டாக்டரை அழைத்து வந்தாள். டாக்டர் நரைத்த தலையோடு ஒல்லியாக ஒரு அம்மா. விரலைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவர் சொன்னதை மகள் தமிழில் சொன்னாள். விரலுக்கு ரத்தம் போகவில்லை, இன்னும் கெட்டுப் போகவும் இல்லை. ஆனால் சூடு ஏற ஏற விரல் வீங்கும், அப்போது மெட்டி இன்னும் இறுக்கும். உடனே கழற்ற வேண்டும். தள்ளிப் போட்டால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். மெட்டியையா விரலையா என்று நான் கேட்கவில்லை.

முடியாது என்றேன். மகள் கத்தினாள். நானும் கத்தினேன். அந்த டாக்டர் மட்டும் சிரிக்கவும் இல்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. இது என்ன நகை என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். உங்கள் கால், நீங்கள் சொல்லாமல் தொட மாட்டேன், ஆனால் சீக்கிரம் சொல்லுங்கள் என்றார். என் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். சரி, அதற்காக விரலைக் குளிரில் விட முடியாது என்று என் கால்களை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார்.

கப்பலில் இணையம் வந்து வந்து போகும். நல்லவேளையாக வீடியோ கிடைத்தது. ஆரணியில் அப்போது சாயங்காலம். ஆவணி முகூர்த்தத்துக்குப் போக வேண்டிய புடவைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொல்வதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் முழுசாகக் கேட்டார்.

“கழட்டுறதுதானே? எனக்கு ஸ்டென்ட் வெக்க கூட்டிகினு போறப்ப மோதிரம், அர்ணாகயிறு எல்லாத்தையும் கழட்டி ஒரு கவர்ல போட்டு உன் கையிலதானே குடுத்தாங்க? நீ வாங்கி பையில வெச்சிக்கல?”

வாங்கி வைத்துக்கொண்டேன்தான். ஒரு கேள்வி கேட்கவில்லை. அவர் பிழைத்தால் போதும் என்று இருந்தது. உடனே, வீட்டில் இருந்தால் தினமும் கேட்கிற கேள்வியைக் கேட்டேன்: மாத்திரை போட்டுகினு இருக்கீங்களா?

போன் மெதுவாகத் திரும்பிப் புடவை அடுக்கைக் காட்டியது. பின்னாலிருந்து நாத்தனார் குரல்தான் வந்தது.

“தீந்து போயி ரெண்டு மூணு நாளாவுது. கேட்டா, சரக்கு அனுப்பிட்டு வாங்கிக்கறேன், நல்லாத்தானே கீறேன்னு சொல்லிகினு கீறான்.”

மகள் இதை டாக்டரிடம் சொன்னாள். அதுவரை என் காலையே பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மா சட்டென்று எழுந்து போன் பக்கம் வந்துவிட்டார். ஸ்டென்ட் எப்போது வைத்தது, நின்று போனது எந்த மாத்திரை என்று வரிசையாகக் கேட்டார். இந்தக் கால் இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும், அந்த நெஞ்சு தாங்காது என்றார். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரையாம் அது. நிறுத்தினால் வைத்த கம்பிக்குள்ளேயே அடைத்துக்கொள்ளுமாம். இப்போதே வாங்கிப் போடச் சொல், வேலூர் டாக்டருக்கும் போன் செய்யச் சொல் என்றார்.

எத்தனையோ ஆயிரம் மைல் தள்ளி, விரல் அழுகினாலும் பரவாயில்லை என்று நான் மெட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவர் தெருமுனை மருந்துக் கடைக்குப் போகச் சோம்பல்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வந்த ஆத்திரத்தில் அழுகை நின்றுவிட்டது.

“மாத்திரை வாங்கியாந்து என் கண்ணு எதிர்ல முழுங்குங்க. நீங்க முழுங்கினதும் நான் கழட்டுறேன். இல்லன்னா விரல் போனாலும் போவட்டும்.”

அவர் ஏதோ சமாதானம் சொல்லப் பார்த்தார். நாத்தனார் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் திரும்பி வருவதற்குள் இணையம் ஒரு முறை அறுந்து, மகள் திரும்பப் பிடித்தாள். அந்த இடைவெளியில் நான் வேண்டாத சாமி இல்லை. கடைசியில் நாத்தனார் மூச்சு வாங்க வந்து, மாத்திரையும் சொம்புத் தண்ணீருமாக அவர் முன்னால் நின்றார். அவர் வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, எல்.கே.ஜி. பையன் மாதிரி வாயைத் திறந்தும் காட்டினார். நான் டாக்டரைப் பார்த்துத் தலையை ஆட்டினேன்.

இடது கால் மெட்டி சோப்புத் தண்ணீரில் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. வலது கால் விரல் வீங்கத் தொடங்கியிருந்தது. டாக்டர் ஒரு நூலை விரலைச் சுற்றி நெருக்கமாகச் சுற்றி, அதன் முனையை மெட்டிக்கு அடியில் விட்டு, மெல்ல மெல்லப் பிரித்துக்கொண்டே வந்தார். பிரியப் பிரிய மெட்டி முன்னால் நகர்ந்தது. உயிர் போகிற வலி. போனில் அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். கழன்று விழுந்ததும், அவ்வளவுதானே என்றார். எனக்கு அப்போது அவர் மேல் கோபமும் பாசமும் சரிபாதியாக இருந்தது.

விரலில் நிறம் திரும்பும் வரை என்னைக் கரையில் இறங்க விடவில்லை. கண்ணாடி ஜன்னல் வழியாகப் பனியைப் பார்த்துக்கொண்டு, ஆரணிக்குப் போன் போட்டு மாத்திரை எண்ணிக்கையைக் கேட்டுக்கொண்டு இருந்தேன். வேலூர் டாக்டர் அவரை வரவழைத்துப் பரிசோதித்து, ஒன்றும் ஆகவில்லை, இனி இப்படிச் செய்தால் என்னிடம் வராதே என்று நன்றாகத் திட்டி அனுப்பினாராம். அந்தச் செய்தி வந்த அன்றுதான் எனக்குச் சாப்பாடு இறங்கியது. பிறகு பெரிய பூட்ஸை மாட்டிக்கொண்டு, உள்ளே பத்து விரலும் தாராளமாக அசைய, பனியில் ஆசை தீர நடந்தேன். கடைசி நாள் விருந்துக்கு மாம்பழ நிறப் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போனேன். அந்த டாக்டர் அம்மாவுக்கு என் கையாலேயே ஒரு புடவை கட்டிவிட்டு, அதை அவரையே வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

ஊருக்கு வந்ததும் மெட்டியை மறுபடி போட்டுக்கொண்டேன். அது எனக்குப் பிடிக்கும், அவ்வளவுதான். யாராவது குளிர் தேசத்துக்குப் பெட்டி கட்டுகிறேன் என்று வந்தால் பட்டு உள்சட்டையும் பெரிய அளவு பூட்ஸும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன், மெட்டியைக் கழற்றிவிட்டுப் போகச் சொல்கிறேன். நாத்தனார் பக்கத்தில் இருந்தாலும் இப்போது மறுத்துப் பேசுவதில்லை. நான் ஒன்றை மட்டும் மாற்றிக்கொண்டேன்: என் கணவரின் உயிரை என் கால்விரலில் வைத்துக் காவல் காப்பதை விட்டுவிட்டு, தினமும் காலையில் அவர் மாத்திரையை விழுங்கித் தண்ணீர் குடிக்கிற வரைக்கும் அவர் எதிரிலேயே நிற்கிறேன்.