அண்ணாச்சி கடை ஊசி

என்னை டிஜே என்று யாராவது சொன்னால் எனக்கே சிரிப்பு வரும். யாரிடம் கற்றீர்கள் என்று கேட்பவர்கள் ஏதாவது வெளிநாட்டு ஊரை எதிர்பார்க்கிறார்கள். சிவகாசியில் எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிய ஆஃப்செட் மெஷினிடம்தான் கற்றேன். காலண்டர் சீசனில் அது ராப்பகலாக ஒரே அடி அடிக்கும். தெருப் பிள்ளைகள் தூங்காமல் அழுதன. நான் தொட்டிலில் கிடந்து தலையாட்டினேனாம். வீட்டார் அன்றைக்கே சுதாரித்திருக்கலாம்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் சாத்தூரில் ஒரு சவுண்டு சர்வீஸில் வேலை பார்த்தேன். ஊரே சிடிக்குப் போய்விட்டது. முதலாளி அண்ணாச்சி மட்டும், எந்த விசேஷமானாலும் முதல் பாட்டு இசைத்தட்டில் ஓடினால்தான் ராசி என்பார். அதனால் பழைய பிளேயர் ஒன்று உயிரோடு இருந்தது. அட்டை செய்யத் துறைமுகத்திலிருந்து வந்த கழிவுக் காகித லோடுக்குள் ஒருநாள் எனக்கு ஏழெட்டு வெளிநாட்டுத் தட்டுகள் கிடைத்தன. போட்டால் பாட்டும் இல்லை, பாடுகிற ஆளும் இல்லை. எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கத்து மெஷின்தான் ஓடியது. அதன் பெயர் டெக்னோ என்பதும், பிளேயரின் வேகக் குமிழ் இறுகிப்போனதால் அதை நான் எருமை நடையில் ஓட்டிக்கொண்டிருந்தேன் என்பதும் வெகுநாள் கழித்தே தெரிந்தது.

அந்த எருமை நடைக்குத்தான் அச்சங்குளத்து அட்டைக் குடோனில் ஞாயிறு மத்தியானங்களில் ஆடினோம். பத்துப் பன்னிரண்டு பேர். ஊர் எங்களை ஆம்பளை என்று நினைத்துக்கொண்டிருந்தது. எனக்குப் பெரிய மீசை வேறு, சந்தேகமே வரவில்லை. மற்றவர்கள் பட்டாசுக் கம்பெனி ஆட்கள். மருந்து அறைக்குள் நுழையுமுன் உடம்பிலிருக்கும் மின்சாரம் இறங்க வாசலில் செப்புத் தகட்டைத் தொடுவார்கள். குடோனில் தகடு கிடையாது. ஆனாலும் பழக்கத்தில் எல்லாக் கையும் வாசல் சுவரைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே வரும். எவ்வளவு தேய்த்தாலும் அலுமினியப் பொடி போகாத கைகள், கூரை ஓட்டை வெயிலில் மின்னும்.

"மினுக்குறதுக்குச் சம்பளம் வேற குடுக்கான்" என்பார் அக்கா. தரைச்சக்கரம் சுற்றும் பிரிவில் வேலை. கம்பெனிக்கு அண்ணன், எங்களுக்கு அக்கா.

நான் கடை பிளேயரைக் குடோனுக்குத் தூக்கிப் போவதை யாரோ அண்ணாச்சியிடம் போட்டுக்கொடுத்துவிட்டார்கள்.

"ஏலே, அவனுகளுக்கா செட்டக் கொண்டு போற?" என்றார் அண்ணாச்சி. "எலவு வீட்டுக்குக் கூடக் குடுத்திருக்கேன். அவனுக தொட்டா சாமான் தீட்டாயிரும்லே."

பிளேயர் பூட்டுக்குள் போனது.

பங்குனிப் பொங்கல் வந்தது. கமிட்டியில் அண்ணாச்சிதான் பெரிய ஆள். முளைப்பாரி ஊர்வலத்துக்கு முன்னால் ஆட அக்காவைக் கூட்டி வரச்சொல்லி என்னையே அனுப்பினார். வருஷா வருஷம் அதுதான் வழக்கம். அப்போது தீட்டு எங்கே போகும் என்று மட்டும் கேட்கக் கூடாது.

அக்கா கடைக்கு வந்தார். "ஆடுதேன் அண்ணாச்சி. ஞாயித்துக்கெழம செட்ட மட்டும் குடுத்துருங்க."

"சாமி காரியத்துல பேரமா? சரி, ஆடு. குடுக்கேன்."

தார் ரோட்டில், வெறுங்காலில், பங்குனி வெயிலில் அக்கா ஆடினார். பெண்கள் குலவை போட்டார்கள். பிள்ளைகளைத் தூக்கி வந்து திருநீறு பூசச் சொன்னார்கள். அண்ணாச்சியே கும்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நானும் அக்காவும் ஆட்டோவோடு கடைவாசலில் நின்றோம்.

"என்ன?"

"செட்டு, அண்ணாச்சி. தாரேன்னு சொன்னீகளே" என்றார் அக்கா.

"அது சாமிக்கு ஆடுனது. இது நீங்க ஒங்களுக்கு ஆடுறது." பல் குத்திக்கொண்டே சொன்னார்.

எனக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டது. இவர்கள் சாமிக்கு எங்கள் கால் வேண்டும். அதே கால் எங்களுக்காக அசைந்தால் அசிங்கம். நறுக்கென்று நாலு கேட்க வாயைத் திறந்தேன். "சரிங்க அண்ணாச்சி" என்று வந்தது. வீரம் எனக்கு எப்போதும் அடுத்த பஸ்ஸில்தான் வரும். அவர் சாவியை மேஜையில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனதும், பூட்டைத் திறந்து பிளேயரின் ஊசியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் கல்யாண வீடு. ராசியான முதல் பாட்டு ஓடாமல் ஊர் முன்னால் அவர் முழிப்பதைப் பார்க்கக் காத்திருந்தேன். ஊசியில்லாத பிளேயரைக் குனிந்து பார்த்தார். "சிடியப் போடுலே" என்றார். அம்புட்டுத்தான் ராசி. சிடியைப் போட்டுவிட்டு வேலையை விட்டேன்.

அடுத்த ஞாயிறு வெறுங்கையோடு குடோனுக்குப் போனேன். வாசல் சுவரைத் தொடவில்லை. உள்ளே இருப்பது இறங்கிவிட வேண்டாம் என்றிருந்தது. ஒரு அட்டைப் பெட்டியைக் கவிழ்த்துக் குத்த ஆரம்பித்தேன்.

"என்னலே, என்னைக்கும் இல்லாத வேகமா இருக்கு?" என்றார் அக்கா.

"கோவம், அக்கா."

"அப்ப நிப்பாட்டாத" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார்.