தேருக்கு முந்தின நாள், காஞ்சிபுரத்தில் ஒரு சாட்சிப் பெட்டிக்கு இடம் தேடி

இது கோவில் பார்க்கப் போன பயணம் இல்லை. பட்டு எடுக்கவும் போகவில்லை. தை மாதம் ஒரு மருத்துவமனைக்காக நானே தப்பான இடத்தில் வைத்த சின்னப் பெட்டியை எடுத்து வேறு இடத்தில் வைக்க, வைகாசித் தேருக்கு முந்தின நாள் அடித்துப் பிடித்து ஓடினேன். ஊர் ஊராகப் போய் சர்வர் அமைப்பவர்களுக்கு இது உதவும். மற்றவர்களுக்கு, தேர் சமயத்தில் காஞ்சிபுரத்தில் எப்படி நகர்வது என்றாவது தெரியும்.

போன் வந்தது அதற்கு முந்தின மாலை. மருத்துவமனை எலக்ட்ரீஷியன் ஜெயவேலு பேசினார். "மேடம், நாளான்னிக்குத் தேரு. ராஜ வீதில குறுக்க போற கேபிள் எல்லாத்தையும் அவுத்துடுவாங்க. உங்க பொட்டிக்கு ஒண்ணும் ஆவாதில்ல?"

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையுந்தான் மா. தேரு அவ்ளோ ஒசரம் இருக்குது. வருசா வருசம் அவுக்கறதுதான."

பெட்டியைக் கழற்றி வையுங்கள், காலையில் வந்துவிடுகிறேன் என்றேன். அவரும் சும்மா கேட்கவில்லை. அவருடைய மகள் கவிதா ஒன்பதாம் மாதம், ரத்த அழுத்தம் ஏறி அதே மருத்துவமனையில் படுத்திருந்தாள். எந்த நேரமும் ஆப்பரேஷன் செய்ய வேண்டி வரலாம். செய்வதென்றால் ரத்தத்தில் பிளேட்லெட் எவ்வளவு என்று முதலில் தெரிய வேண்டும். குறைவாக இருந்தால் முதுகில் மயக்க ஊசி போட முடியாது.

எதற்காக இந்தப் பயம் என்று சொல்லிவிடுகிறேன். மருத்துவமனைக்கு இரண்டு கட்டடங்கள், ராஜ வீதியின் இரண்டு பக்கமும் எதிரெதிரே. வார்டும் ஆப்பரேஷன் தியேட்டரும் புதுக் கட்டடத்தில், ரத்தப் பரிசோதனைக் கூடம் பழைய கட்டடத்தில். இரண்டிலும் ஒவ்வொரு சர்வர், இங்கே எழுதுவது அங்கேயும் உடனே பதிவாகும். வீதிக்கு மேலே போகும் கேபிள்தான் இரண்டையும் இணைக்கிறது. அது அறுந்தால், மற்றவன் செத்துவிட்டான் என்று ஆளுக்கொரு பக்கம் தனித்தனியாக எழுத ஆரம்பித்துவிடக் கூடாது அல்லவா? அதற்காகத்தான் மூன்றாவது இடத்தில் ஒரு சாட்சி. எங்கள் தொழிலில் விட்னஸ் என்போம். அதனிடம் நோயாளிகளின் விவரம் எதுவும் இருக்காது, ஓட்டு மட்டும் உண்டு. மூன்றில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்க்க முடிந்தால் அந்தப் பக்கம் ஓடும். யாரும் யாரையும் பார்க்க முடியாவிட்டால் இரண்டு சர்வரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடும்.

சாட்சியை நான் மருத்துவமனையை நடத்தும் டாக்டரம்மாவின் வீட்டு மாடியில் வைத்திருந்தேன். அறுநூறு மீட்டர் தள்ளி, தனிக் கட்டடம், தனி மின்சாரம். சென்னையில் உட்கார்ந்து வரைபடத்தில் பார்த்தபோது அழகாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு கட்டடத்திலிருந்தும் அந்த வீட்டுக்குப் போகும் வயர், தேர் திரும்பும் முனையில் ஒரே கம்பத்தில் ஏறித்தான் வீதியைக் கடக்கிறது. தேர் அன்று மூன்று பேருமே தனித் தனி. தேர் நகரும்போது அந்த வீதியை ஆள்கூடக் கடக்க முடியாது, நெரிசலில் செல்போனும் எடுக்காது. என் புத்தியை எதால் அடிப்பது என்று தெரியவில்லை.

கோயம்பேட்டில் காலை 5.20 பேருந்து. 75 கிலோமீட்டர், டிக்கெட் 60 ரூபாய். 7.35க்கு இறக்கிவிட்டார்கள். தேருக்கு முந்தின நாளே ஊருக்குள் பாதி வழி அடைத்துவிடுகிறார்கள், ஏழரைக்குள் போய்விடுவது நல்லது. நாள் வாடகைக்கு ஆட்டோ 1,300 ரூபாய். ஜெயவேலு பெட்டியை மாடியிலிருந்து கழற்றி, மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். கவிதாவைப் பற்றிக் கேட்டேன். "தூங்கிக்கினு இருக்குது மா. கால் வீக்கம் மட்டும் கொறையல" என்றார். அதற்குமேல் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

முதலில் முசரவாக்கம், ஏழு கிலோமீட்டர். பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் ஸ்டெல்லாவின் வீடு அங்கே இருந்தது, இன்டர்நெட்டும் உண்டு. ஏழு கிலோமீட்டர் தள்ளிவிட்டோமே என்று மூச்சு விட்டேன். ஜெயவேலு வீட்டுக்குள்ளேயே வரவில்லை. தெருவில் நின்று கம்பம் கம்பமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே போனார். ஸ்டெல்லாவின் வீட்டுக்கு லைன் கொடுத்தவரிடம் போனில் இரண்டு கேள்வி கேட்டார். திரும்பி வந்து, "இதும் ராஜ வீதி லைன் பொட்டிலேர்ந்துதான் மா வருது. அங்க அவுத்தா இங்க செத்துடும்" என்றார்.

பெட்டியைத் திரும்ப ஆட்டோவில் ஏற்றினோம். தூரம் போவது வேறு, பிரிந்து போவது வேறு என்று நான் வகுப்பெடுத்ததெல்லாம் உண்டு. பாடம் சொன்ன வாய்க்கு அன்று டீகூட இறங்கவில்லை.

திருப்புட்குழியில், கோவிலுக்கு இரண்டு தெரு தள்ளி, ஜெயவேலுவுக்குத் தெரிந்த ஒரு ஜெராக்ஸ் கடை. லைன் வேறு பக்கத்திலிருந்து வந்தது, ஆனால் கடைக்காரர் மத்தியானமே பூட்டி, மெயினை அணைத்துவிட்டுப் போகிறவர். "அணைக்காமப் போனா எனக்குத் தூக்கம் வராது மா" என்று கையைப் பிசைந்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. மணி 12.40. எனக்குப் படபடப்பு அதிகமாகி, காரணமில்லாமல் ஆட்டோக்காரர்மேல் எரிந்து விழுந்தேன். "நான் இன்னா மா பண்ணேன்? ரோடு இருந்தாத்தான வண்டி போவும்" என்றார். மன்னிப்புக் கேட்டேன்.

தாமல் ஏரிக்கரையை ஒட்டி மருத்துவமனையின் கிளை மருந்துக்கடை ஒன்று இருப்பது டாக்டரம்மா போனில் சொன்ன பிறகுதான் தெரிந்தது. மருந்து கெடாமல் இருக்க இரவும் பகலும் ஓடும் பிரிட்ஜ், அதற்கு பேட்டரி. ஜெயவேலு மறுபடியும் கம்பங்களை எண்ணிக்கொண்டே போனார், அந்த வெயிலில், ஒன்றரை கிலோமீட்டர். திரும்பி வரும்போது சட்டை முழுக்க நனைந்திருந்தது. "இது வேலூர் பக்கத்திலேர்ந்து வர்ற இழை மா. நம்ம ஊரு வீதியத் தொடவே இல்ல." நெசவுக் குடும்பத்துக்காரர், அவருக்கு வயரும் இழைதான்.

பிரிட்ஜுக்குப் பக்கத்து அலமாரியில் பெட்டியை வைத்தோம். இரண்டு கட்டடத்துக்கும் பின் தெரு வழியாகத் தனித்தனி இன்டர்நெட் இருந்தது. அவற்றின் வழியே இரண்டு சர்வரும் சாட்சியைப் பார்க்கும்படி மாற்றினேன். மாலை ஐந்து மணிக்கு டாக்டரம்மாவிடம் போய், "வீட்டு மாடியில வச்சது என் தப்பு, டாக்டர். ஒரு தடவை கேபிளைப் பிடுங்கிப் பாக்கணும்" என்றேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பத்து நிமிஷம் தரேன். மத்தது தேர் முடிஞ்சி பேசிக்கலாம்" என்றார். பிடுங்கிப் பார்த்தோம், தேறியது. அப்படியும் லாட்ஜில் தூக்கம் பிடிக்கவில்லை. அறை வாடகை 1,100, தேர் சமயத்தில் இதுவே மலிவு.

தேர் அன்று காலை 6.10க்கு கவிதாவுக்கு அழுத்தம் சட்டென்று ஏறியது. ரத்தம் எடுத்தார்கள். வீதி அடைபடுவதற்குள் ஜெயவேலுவே எதிர்க் கட்டடத்துக்கு ஓடி, ஸ்டெல்லா கையில் கொடுத்துவிட்டு வந்தார். 6.50க்கு கேபிள் ஆட்கள் ஏணியோடு வந்தார்கள். வீதி கூட்டத்தால் அடைத்துக்கொண்டது. 7.02க்கு, வார்டு வாசலில் வைத்திருந்த என் லேப்டாப்பில் இரண்டு கட்டடத்துக்கும் நடுவே இருந்த கோடு சிவப்பானது.

பரிசோதனை இயந்திரம் பழைய கட்டடத்தில் இருப்பதால் அந்த மென்பொருள் அங்கேதான் ஓடும். இணைப்பு போனால் சாட்சியின் ஓட்டு வார்டு பக்கத்துக்கே என்று அமைத்திருந்தேன்; அதனால் அது அங்கே நின்று, புதுக் கட்டடமும் தாமல் சாட்சியும் சேர்ந்து இரண்டு ஓட்டாகி, இங்கே புதிதாகக் கிளம்ப வேண்டும். அது எனக்குத் தெரியும். வார்டில் நர்ஸின் திரையில் வெறும் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. தியேட்டர் வாசலிலிருந்து டாக்டரம்மா, "பிளேட்லெட் என்னாச்சு?" என்று குரல் கொடுத்தார். நர்ஸ் என்னைப் பார்த்தாள். ஜெயவேலுவும் என்னைப் பார்த்தார்.

"வரலியே மேடம்."

"வந்துரும்ணா."

"நான் வேணா குறுக்க பூந்து ஓடட்டா?"

"முடியாதுண்ணா. வந்துரும், நில்லுங்க." என் குரல் எனக்கே நம்பும்படியாக இல்லை.

அவர் சுவரில் கை ஊன்றி நின்றார். வட்டம் சுற்றியது. பிறகு திரை வந்தது. எதிர்ப்பக்கம் ஸ்டெல்லா, இணைப்பு போனபோது பாதியில் நின்றுவிட்ட முடிவைத் தன் பின் தெரு லைன் வழியாக மறுபடி அடித்துவிட்டிருந்தாள். நர்ஸ் எண்ணைக் கத்திச் சொல்லிக்கொண்டே தியேட்டருக்குள் ஓடினாள். ஊசி போடலாம் என்ற அளவு இருந்தது. 7.41க்குப் பெண் குழந்தை. இரண்டு பேரும் நலம்.

நீங்களும் இப்படி ஒரு ஊரில் சாட்சி வைக்கப் போவதாக இருந்தால், வரைபடத்தில் கட்டடத்தைப் பார்க்காமல் வயரைப் பாருங்கள். எந்தக் கம்பம், எந்த முனை, லைன் கிளம்பும் பெட்டி எங்கே என்று நடந்தே பாருங்கள். திருவிழாவுக்கு எதை அவிழ்ப்பார்கள் என்று, சாட்சியை வைக்கும் அன்றே அந்த ஊர் எலக்ட்ரீஷியனைக் கேட்டுவிடுங்கள். தேர் நிலைக்கு வரும்வரை ஊரைவிட்டு வெளியேற முடியாது. எனக்கு மதியம் 1.15க்குத்தான் பேருந்து கிடைத்தது.

கிளம்பும்போது ஜெயவேலு குழந்தையைக் கொண்டுவந்து காட்டினார். பிறகு, "அடுத்த வருசமும் அவுக்கும்போது ஸ்கிரீன் இப்டி நிக்குமா மேடம்?" என்று கேட்டார். மறைக்க மனம் வரவில்லை. "நிக்கும்ணா. ரெண்டு நிமிஷம், அவ்வளவுதான்" என்றேன்.

"ரெண்டு நிமிசமா மா அது?" என்றார். கோபமெல்லாம் இல்லை, உண்மையாகவே கேட்டார்.

பேருந்தில் அந்த மருத்துவமனைக்காக நான் எழுதிக் கொடுத்திருந்த கையேட்டைத் திறந்தேன். இணைப்பு போகும்போது 'குறுகிய தடங்கல்' ஏற்படும் என்று எழுதியிருந்தேன். அதை அழித்துவிட்டு, இரண்டு நிமிடம் பத்து நொடி என்று எழுதினேன். அந்த நேரத்தில் வார்டு வாசலில் ஒருவர் நின்றுகொண்டிருப்பார் என்றும் அதன் கீழே எழுதிவைத்தேன்.