நாலாவது தொட்டியின் மீன்கள்

ஜவ்வாது மலை அடிவாரத்தில், ஆலங்காயத்துக்குப் பக்கத்திலிருந்த ஒரு கல்லூரியில் நான் மீன்களை வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். காட்மியம் என்ற உலோகம் தண்ணீரில் கலந்தால் மீனுக்கு என்ன ஆகும், நாம் விழுங்கும் சாதாரண வலி மாத்திரையும் அதோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. நான்கு கண்ணாடித் தொட்டிகள். ஒன்றில் வெறும் தண்ணீர், அடுத்ததில் உலோகம், மூன்றாவதில் மாத்திரை, நாலாவதில் இரண்டும். மலைமேல் ஏரியில் பிடித்து வந்த கெண்டைக் குஞ்சுகள், தொட்டிக்குப் பத்து.

உலோகத்தை மீன் சாகாத அளவுக்குத்தான் கலந்திருந்தேன். ஆனாலும் ஐந்தாம் நாள் நாலாவது தொட்டியில் ஆறு குஞ்சுகள் வயிறு தெரிய மிதந்தன. மற்ற மூன்றிலும் ஒன்றுகூடச் சாகவில்லை.

பேராசிரியர் தொட்டியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, காட்மியத்த ரெண்டு தடவ ஊத்திட்டியா?"

"இல்ல சார்."

"மாத்திரைத் தொட்டியில ஒண்ணும் சாவல. உலோகத்துலயும் சாவல. இதுல மட்டும் எப்டி?"

அவர் போனதும் நோட்டை மூன்று முறை புரட்டினேன். அளவு சரியாகத்தான் இருந்தது. அப்படியென்றால் வேறு யாரோ கை வைத்திருக்க வேண்டும். ஆய்வுக்கூடத்துச் சாவி என்னிடம் ஒன்று, உதவியாளரிடம் ஒன்று. அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல். மூட்டு வலி. சட்டைப் பையில் எப்போதும் மாத்திரை அட்டை துருத்திக்கொண்டிருக்கும். இரண்டு நாள் முன்பு அவர் முழுக்கைச் சட்டை முழங்கை வரை நனைந்திருந்ததும் ஞாபகம் வந்தது. அன்று ஏன் கேட்கவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

யாரிடமும் சொல்லாமல், நாலாவது தொட்டியின் பின்பக்கம் நீர்மட்டத்தில் பேனாவால் சின்னதாக ஒரு கோடு போட்டேன். மறுநாள் தண்ணீர் கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. அதற்கடுத்த நாள் முதல் பேருந்திலேயே வந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் கையில் பிளாஸ்டிக் மக்கு. உள்ளே போனேன்.

"இன்னாண்ணா பண்றீங்க?"

திரும்பிப் பார்த்தார். "கோச்சிக்காதம்மா. அதுங்க மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுதுங்க. பாக்க முடியல. அதான் கொஞ்சம் பழைய தண்ணிய எடுத்துட்டு நல்ல தண்ணி ஊத்துனேன்."

"எத்தினி நாளா?"

"ரெண்டாம் நாள்லேர்ந்து."

"மாத்திரை எதனா போட்டீங்களா?"

"என்னை அப்டியா நெனச்சிட்ட?" என்றவர், மக்கைத் தொட்டி ஓரத்தில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. நல்ல தண்ணீர் ஊற்ற ஊற்ற விஷம் நீர்த்துத்தான் போயிருக்கும். அப்படியும் ஆறு செத்திருக்கிறது. அவர் கை வைக்காமல் இருந்திருந்தால்?

அந்தக் கணக்கையெல்லாம் அடித்துவிட்டு, கைவசம் மிச்சமிருந்த குஞ்சுகளை வைத்து மறுபடி ஆரம்பித்தேன். இந்த முறை பேராசிரியர் இரண்டு சாவிகளையும் வாங்கி வைத்துக்கொண்டார். காட்மியத்தை அவரே எடை போட்டார். மூன்றாம் நாள் நாலாவது தொட்டியில் பத்தும் போய்விட்டன. உலோகம் மட்டும் இருந்த தொட்டியில் குஞ்சுகள் சோர்ந்து கிடந்தன, ஆனால் உயிரோடு இருந்தன. பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இன்னொரு தடவ பண்ணிப் பாத்துருவோம்" என்றார். குரலில் என்மேல் இருந்த சந்தேகம் போயிருந்தது. மாத்திரைமேல் வந்திருந்தது.

புது மீனுக்காக மலைக்குப் போக வேண்டும். உதவியாளர் அதுவரை என்னோடு வேலைப் பேச்சைத் தவிர வேறு பேசவில்லை. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்து, "தப்பா நெனச்சிட்டேண்ணா" என்றேன்.

"நேரா கேட்டிருந்தா நேரா சொல்லியிருப்பேன்" என்றார்.

ஏரிக்கரையில் வலையை உதறியபடி நின்றவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த ஏரியில இன்னா இன்னா கலக்குதுன்னு யாருக்காவது தெரியுமாம்மா?"

தெரியவில்லை. அதுவரை நோட்டில் இந்த மீன்கள் நல்ல தண்ணீரில் வளர்ந்தவை என்றே எழுதி வந்திருந்தேன். பையிலிருந்து காலி பாட்டில் ஒன்றை எடுத்து ஏரித் தண்ணீரை நிரப்பினேன்.